பன்னிரண்டாவது ஈரநிலம்

திண்டுக்கல்லில் மழையே பெய்வதில்லை என்று குறைபடுகிறவர்கள் ஓடைக்கரைத் தெருவில் ஒரு ஐப்பசி குடியிருந்து பார்க்க வேண்டும். அங்கே மழை பெய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை. ஊரில் வேறு எங்கே பெய்தாலும் தண்ணீர் வழி விசாரித்துக்கொண்டு நேராக மிக்கேல்ராஜின் மாவு மில்லுக்கு வந்துவிடும். இந்த வருடம் மூன்று நாள் பெய்த மழையும் அப்படித்தான் வந்தது. வந்தது வந்ததுதான், போகவில்லை.

மில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டகை, மிளகாய்க்கு ஒரு எந்திரம், அரிசிக்கு ஒரு எந்திரம், இரண்டுக்கும் பொதுவாக மேடைமேல் ஒரு மோட்டார். மிக்கேல்ராஜ் அரைப்பார், மனைவி கிளாரா சலித்துக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர்கள் பிழைப்பு. வருடம் முழுவதும் ஈ ஓட்டினாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின மூன்று வாரம் மில் மூச்சு விடாது. முறுக்கு மாவு, அதிரச மாவு, கல்கல் மாவு என்று தெருவில் பாதிப் பேர் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள். அந்த மூன்று வாரம் ஓடினால்தான் மில், இல்லாவிட்டால் அது வெறும் கொட்டகை. இப்போது மோட்டார் மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. மோட்டார் நனைந்தால் இன்னொன்று வாங்க அவர் ஒரு பிறவி எடுக்க வேண்டும்.

தண்ணீர் ஏன் போகவில்லை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருக்கோடியில் சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் உண்டு. மழைத்தண்ணீர் அதில் இறங்கி, அரை மைல் ஓடி, நெட்டிக்குளத்தில் விழுவதுதான் வழக்கம். போன கோடையில் அந்தக் குழாயருகில் ஒரு விழிப்புணர்வுப் பலகை நட வந்தார்கள். பலகை பெரிது, காற்றுக்குச் சாயாமல் நிற்க ஆழமான குழி வேண்டும். தோண்ட வந்த ஆட்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஏற்கெனவே தோண்டி வைத்தது போலக் குழாயின் வாய் திறந்து கிடந்தது. பலகையின் காலை அதற்குள் இறக்கிக் கழுத்துவரை கான்கிரீட்டை ஊற்றிவிட்டுப் போனார்கள். பலகையில் நீல எழுத்தில் ‘நீரின் பாதையை மறிக்காதீர்’ என்று இருந்தது. அதற்குக் கீழே, இப்பலகையைத் தொடுவது தண்டனைக்குரியது என்று சிவப்பில் இருந்தது.

சிவப்பு எழுத்து சும்மா எழுதினது இல்லை. அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி வந்த சடையாண்டி, ஒரு டீ குடிக்கும் நேரம் அதைப் பலகையின் காலில் கட்டினார். அதற்காக மூன்று நாள் ஆட்டோடு ஆபீஸுக்கு நடந்து வாக்குமூலம் கொடுத்தார். ஆட்டிடமும் கேட்டிருப்பார்கள், கைரேகை எடுக்க வழியில்லை என்று விட்டுவிட்டார்கள். எனவே கடப்பாரையோடு குழாய்வரை போன மிக்கேல்ராஜ், பலகையை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, கடப்பாரையை ஊன்றுகோலாகப் பிடித்தபடி திரும்பி வந்தார்.

பலகைக்குச் சொந்தக்காரர்கள், வட்டார ஈரநிலப் பேணல் மற்றும் மழைநீர் வழிந்தோடல் மேற்பார்வைக் குழு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும் என்பதால் ஜனங்கள் ஈரக் குழு என்றார்கள். குழுவின் ஆபீஸ் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், எந்தக் காலத்திலும் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்தது. மிக்கேல்ராஜ் போனபோது பவித்ரா என்ற எழுத்தர் ஒருத்தி மட்டும் கோப்புகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நெட்டிக்குளத்து உள்வாயில் குழுவுக்குச் சொந்தமாகப் புதுக் கட்டடம் எழும்பிவிட்டதாம், இந்த வாரமே அங்கே போகிறார்களாம். குளத்துக்குள்ளா என்று அவர் கேட்டதற்கு, அந்தப் பெண் ஏழாம் எண் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

படிவத்தில் முதல் கட்டம், தண்ணீர் எத்தனை நாளாக நிற்கிறது என்று கேட்டது. உண்மையில் ஒன்பது நாள். ஆனால் மனு எழுதுவதற்கு நம் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. காய்ச்சல் என்றால் சாகக் கிடக்கிறேன் என்று எழுத வேண்டும். ஓடு ஒழுகினால் கூரை விழுந்தது என்று எழுத வேண்டும். அதிகாரி படிக்கும்போது அவராகவே பாதியைக் கழித்துக்கொள்வார் என்பது இரண்டு தரப்புக்கும் உள்ள பழைய ஏற்பாடு. மிக்கேல்ராஜ் அந்த ஏற்பாட்டை நம்பி நாற்பது நாள் என்று எழுதினார். இதர விவரங்கள் என்ற கட்டத்தில், தவளைகளும் கொக்குகளும் வாத்துகளும் கூட்டம் கூட்டமாகக் குடியேறி மனித சஞ்சாரமே அற்றுப்போய்விட்டது என்றும் சேர்த்தார். நிஜத்தில் இரண்டு தவளை, வழி தப்பி வந்த ஒரு கொக்கு, அடுத்த வீட்டு முஹ்சினாவின் நாலு வாத்து. நகலை வீட்டில் படித்துக் காட்டியபோது கிளாராவுக்கே கண் கலங்கியது.

மனு வேலை செய்தது. ஐந்தாம் நாள் காலை மூன்று ஜீப் வந்து நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அரசாங்கம் இவ்வளவு வேகமாக வந்து அவர் பார்த்ததில்லை. கடப்பாரையும் ஆளும் கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தார். அவர்கள் பைனாகுலர் கொண்டு வந்திருந்தார்கள்.

முதலில் இறங்கியவர் குழுத் தலைவர் பொன்னழகு. விலைச் சீட்டுக் கிழிக்காத புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அடுத்து இறங்கிய ரொனால்டு, பறவைகள் துறை நிபுணர். பத்தடி தூரத்தில் நின்ற கொக்கைப் பைனாகுலரில் பார்த்து, தெளிவாகத் தெரியவில்லை என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் சாக்கடைக்குள் காலை விட்டார். காலை உதறிக்கொண்டே வாத்துகளைப் பற்றி விசாரித்தார். முஹ்சினா சுவரோரம் நின்று, காலையில் வரும், சாயங்காலம் போய்விடும் என்று உள்ளதைச் சொன்னாள். நிபுணர் அதை ‘தினசரி வலசைப் பறவைகள்’ என்று எழுதிக்கொண்டார். வலசைப் பறவையை அடைத்து வைப்பது குற்றம், இனிமேல் கூண்டில் போடக்கூடாது என்று அவளுக்கு எச்சரிக்கையும் எழுதிக் கொடுத்தார். வாத்துகளில் ஒன்று அவர் சட்டையைக் கொத்தியது.

மிக்கேல்ராஜ் தயங்கித் தயங்கிக் குழாய் விஷயத்தைச் சொல்லப் போனார். பலகை என்ற சொல்லைக் கேட்டதுமே பொன்னழகு முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா? அந்த வாசகம் நான் எழுதினது. ரெண்டு மாசம் யோசிச்சேன்” என்றார். பிறகு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்க மனுவ நான் மூணு தடவ படிச்சேன். முப்பது நாளுக்கு மேல தண்ணியும், மூணு வக உயிரினமும் இருந்தா, விதிப்படி அது ஈரநிலம். இந்த வருஷம் பன்னெண்டு கண்டுபிடிக்கணும்னு எங்களுக்கு இலக்கு. பதினொண்ணு முடிச்சாச்சு. பன்னெண்டாவதுக்கு எங்க போறதுன்னு எனக்குச் சோறு எறங்கல. நீங்களா எழுதிக் குடுத்துட்டீங்க.”

மிக்கேல்ராஜ் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. சார், நாற்பது நாள் இல்லை, ஒன்பதுதான், வழக்கப்படி கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னார். பொன்னழகு அவர் கையை விட்டார். பொய் மனு கொடுப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் கைது உண்டு, எந்தப் பிரிவு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று பிரியமாகக் கேட்டார். மிக்கேல்ராஜ் நாற்பது நாள்தான் என்று ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. “அப்ப நெட்டிக்குளம் சார்? அது ஈரநிலம் இல்லையா?” என்று கேட்டுவிட்டார்.

“போன மே மாசம் போய் ஆய்வு பண்ணினோம்” என்றார் பொன்னழகு. “ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஈரமே இல்லாத எடத்த ஈரநிலம்னு எழுத எனக்கு மனசாட்சி எடம் குடுக்கல. வறண்ட நிலம்னு எழுதிக் குடுத்துட்டோம். வறண்ட நிலத்துல கட்டடம் கட்டலாம். இந்த ஊருலயே ஈரத்துக்கு ரொம்பத் தள்ளி, பத்திரமான எடம் அதுதான்னு எங்க அறிக்கையே சொல்லுது.”

எல்லாக் குளத்தையும் மே மாதத்தில் ஆய்வு செய்வதும், எல்லாத் தெருவையும் கார்த்திகையில் ஆய்வு செய்வதும் குழுவின் நடைமுறை. மே மாதம் குளத்துக்குள் ஜீப் போகும், கார்த்திகையில் போகாது. அதில் தப்புச் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து மாவு மில், பன்னிரண்டாவது ஈரநிலம் ஆனது. சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். தண்ணீரை இறைக்கக் கூடாது, வடிக்கக் கூடாது. மோட்டார் சத்தம் கொக்குக்கு ஆகாது. மிளகாய்த் தூள் தவளைக்கு ஆகாது. மிக்கேல்ராஜ் பாதிக்கப்பட்டவர் என்பதைக் கருணையோடு பரிசீலித்து அவரைக் கௌரவ ஈரநிலக் காவலராக நியமித்தார்கள். சம்பளம் கிடையாது, கழுத்தில் தொங்கவிட ஒரு விசில் உண்டு. பறவைகளை யாராவது தொந்தரவு செய்தால் அவர் ஊத வேண்டும். ஊதாவிட்டால் அதற்கும் ஒரு பிரிவு இருந்தது.

மார்கழி நெருங்க நெருங்க, அரிசிப் பாத்திரத்தோடு வந்த பெண்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு நாகல் நகர் மில்லுக்குத் திரும்பினார்கள். திரும்பும்போது, வருத்தப்படாதீர்கள் அக்கா என்று கிளாராவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சலிக்கிற சல்லடையை ஆணியில் மாட்டிவிட்டு, “ஒம்போதுன்னு எழுதியிருந்தா இந்நேரம் அரைச்சிக்கிட்டு இருப்போம்” என்றார். ஒன்பது என்று எழுதியிருந்தால் வந்தே இருக்க மாட்டார்கள் என்றார் மிக்கேல்ராஜ். இரண்டும் உண்மைதான். மறுபடி ஒரு மழை பிடித்தது. மோட்டாருக்கு இரண்டு விரல் இடைவெளி மிஞ்சியது. மிக்கேல்ராஜ் தினமும் போய் விரல் வைத்துப் பார்த்தார். ஒருநாள் அப்படியே மேடையில் உட்கார்ந்து, இத்தனை வயதுக்குமேல் வெட்கப்படாமல் அழுதார். கொக்கு அவரைப் பார்த்தது. அழுகை பறவைகளைத் தொந்தரவு செய்வதில் சேருமா என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில் குழு, ஈரநிலத் திறப்பு விழா வைத்தது. மேலிடத்திலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார், அவரைத் தண்ணீரில் ஒரு சுற்று அழைத்துப் போக வேண்டும். அதற்காக ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பரிசல் லாரியில் வந்து இறங்கியது. ஒத்திகையில் பொன்னழகும் ரொனால்டும் ஏறி உட்கார்ந்தார்கள். பரிசல் ஒரு முழம் போனதும் மிளகாய் எந்திரத்தில் முட்டி நின்றது. நிற்கவும் நிபுணருக்குத் தும்மல் வந்தது. தும்மலில் கொக்கு பறந்துபோனது. விழாவன்று பறவை இல்லாமல் என்ன செய்வது என்று பொன்னழகு பதறினார். வாத்துகளை விடியும் முன்பே வரச்சொல்லி முஹ்சினாவுக்குக் கடிதம் அனுப்பும்படி பவித்ராவிடம் சொன்னார்.

வடக்கும் தெற்குமாக ஓடிக்கொண்டிருந்த அவரை மிக்கேல்ராஜ் ஒரு மாதமாகக் கவனித்து வந்தார். இந்த மனிதரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது அவருக்கு மெல்லத்தான் புரிந்தது. தண்ணீர் அவர் கண்ணில் படுவதே இல்லை. படிவமும் பலகையும்தான் படும். புரிந்ததும், விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பணிவாக நின்றார்.

“சார், மத்த பதினோரு எடத்துலயும் நம்ம போர்டு இருக்கா?”

இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இருக்கிறது என்றார் பொன்னழகு.

“நம்ம எடத்துல மட்டும் இல்லையே சார். வாரவுக, போர்டு இல்லாத ஈரநிலமான்னு கேக்க மாட்டாகளா?”

பொன்னழகு நின்றுவிட்டார். ஈரநிலம் ஒன்றுக்குப் பலகை ஒன்று என்பது விதி. பன்னிரண்டு பலகைக்குத்தான் அனுமதி. பன்னிரண்டும் செய்தாகிவிட்டது. பன்னிரண்டாவதை, ஈரநிலம் கிடைக்கிறவரை இருக்கட்டும் என்று தெருக்கோடியில் நட்டு வைத்திருந்தார்கள். புதுப் பலகைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி முடிக்க எட்டு மாதம் ஆகும். விழாவுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அந்த இடத்திலேயே ஆணை எழுதினார். தெருக்கோடியில் உள்ள பலகையை அடித்தளத்தோடு பெயர்த்து, விழாவன்று காலை பத்து மணிக்குள் ஈரநிலத்தில் நடவும். மிக்கேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தால் அதற்கும் பிரிவு இருக்கலாம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஜேசிபி வந்தது. தெருவே குழாயைச் சுற்றி நின்றது. சங்கிலி மாட்டி இரண்டு இழுப்பு இழுத்ததில், அடிப் பல் பிடுங்கியது போலக் கான்கிரீட் முழுசாக வெளியே வந்தது. செத்த நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாய்க்குள் ஏதோ தொண்டையைச் செருமுவது போலக் கேட்டது. அதன்பின் நாற்பது நாளாக, உண்மையாகவே நாற்பது நாளுக்கும் மேலாக, நின்ற தண்ணீர் கிளம்பியது. கிளாரா மஞ்சள் கயிற்றைப் பிடித்தபடி அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எட்டுப் பேர் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஈரநிலம் போய்விட்டது. சேறும் இரண்டு தவளையும் பரிசலும் மிச்சம். பலகை நடுவது நிகழ்ச்சி நிரலில் இருந்ததால் அதைச் சேற்றில் நட்டார்கள். பரிசல் சுற்று நிகழ்ச்சி நிரலில் இருந்ததால், சிறப்பு விருந்தினரைத் தரையில் கிடந்த பரிசலில் உட்கார வைத்து நாலு பேர் சுற்றிச் சுழற்றினார்கள். பொன்னழகு மைக்கைப் பிடித்தார்.

“ஈரநிலம் என்பது கண்ணால் காணும் ஈரம் மட்டுமல்ல” என்று தொடங்கினார். “தண்ணீர் வரும், போகும். அறிக்கை நிற்கும். எங்கள் குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு அறிக்கைகூட வற்றியதில்லை என்பதை இந்த மேடையில் பெருமையோடு...”

அந்த இடத்தில் பவித்ரா மேடையேறி அவர் காதில் ஏதோ சொன்னாள். பொன்னழகு மைக்கை அணைக்க மறந்துவிட்டு, “எந்த ஆபீஸுக்குள்ள?” என்று கேட்டார். நம்ம புது ஆபீஸுக்குள்ள சார் என்று அவள் சொன்னதும் மைக்கில் கேட்டது.

நாலாம் நாள் மிக்கேல்ராஜுக்கு நோட்டீஸ் வந்தது. காவலரின் பொறுப்பில் இருந்த பன்னிரண்டாவது ஈரநிலம் காணாமல் போனது குறித்து மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். இந்தத் தடவை அவர் எதையும் கூட்டி எழுதவில்லை. ஈரநிலம் காணாமல் போகவில்லை, தங்கள் ஆணைப்படி குழாய் வழியே புறப்பட்டு நெட்டிக்குளத்து உள்வாயில் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, நேரில் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதினார். அந்தக் கோப்பைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

கயிற்றை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. கிளாரா அதில் மாவுத் துணியைக் காயப்போட்டார். மோட்டாரைத் துடைத்து எண்ணெய் விட்டு மிக்கேல்ராஜ் சுவிட்சைப் போட்டபோது, அது ஒரு முறை இருமிவிட்டு ஓடியது. தெருவில் பாத்திரங்களின் வரிசை மறுபடி நீண்டது.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால், பலகாரத்துக்கு அல்ல, சும்மா புட்டுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு பவித்ரா இரண்டு படி அரிசியோடு வந்தாள். புடவைக் கரையெல்லாம் சேறு. ஆபீஸில் இன்னும் நிற்கிறதா என்று மிக்கேல்ராஜ் கேட்டார்.

“முழங்காலுக்கு நிக்குதுண்ணே. சார் மேச மேல உக்காந்துதான் கையெழுத்துப் போடுறாரு.”

“மோட்டார வச்சு எறைக்க வேண்டியதுதானம்மா?”

“எறைக்கணும்னா ஏழாம் நம்பர் படிவம் எழுதணும்ல. எத்தன நாளா நிக்குதுன்னு அதுல கேக்குதே. தெனமும் ஒரு படிவம் எழுதுறாரு, தெனமும் ‘நேற்று முதல்’னு போடுறாரு. தவள வந்துருச்சு. கொக்கு வந்துருச்சு. ரொனால்டு சார வாசலோட நிப்பாட்டி வச்சிருக்காரு. மூணாவதா ஒண்ணு வந்துட்டா நாங்க எந்திரிச்சுப் போகணும்.”

மூன்றாவது எது என்று அவள் சொல்லவில்லை. மறுநாள் காலை அது தானாகவே தெரிந்தது. மில்லைச் சுற்றித் தண்ணீர் இல்லாததால், முஹ்சினாவின் வாத்துகள் இப்போதெல்லாம் ஓடையோடு நீந்தி நெட்டிக்குளத்துக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்பின. அன்று அவை கிளம்பும் நேரத்துக்குப் பொன்னழகு தனியாக, ஜீப் இல்லாமல், முஹ்சினா வீட்டு வாசலில் வந்து நின்றார். அதே ரப்பர் பூட்ஸ். விலைச் சீட்டு ஊறிப் போய் உரிந்திருந்தது. வாத்துகளை ஒரு மாதம் மட்டும் அடைத்து வையுங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“வலசப் பறவைய அடைச்சா குத்தம்னு உங்க ஆளுகதான சார் எழுதிக் குடுத்தாக?” என்றாள் முஹ்சினா. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தாள், எடுத்துக் காட்டினாள்.

பொன்னழகு தாளைப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். மாவு மில் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்துகள் வரிசையாக அவர் காலைச் சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தன. அவரால் பொறுக்க முடியவில்லை. குனிந்து, கடைசி வாத்தைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டினார்.

மில் வாசலில் மிக்கேல்ராஜ் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவருடைய நியமன ஆணையை இதுவரை யாரும் ரத்து செய்யவில்லை. சட்டைக்குள்ளிருந்து விசிலை எடுத்து, வாயில் வைத்து, தெருக்கோடிக் குழாய்வரை கேட்கிற மாதிரி நீளமாக ஊதினார்.